சிறுநீர்க் கசிவா? கூச்சத்தை விடுங்கள்... கணக்கைப் பிடியுங்கள்!

கல்யாணப் பத்திரிகை வந்தால், "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்கிறார் அம்மா. கோவிலுக்குக் கூப்பிட்டால், "முட்டி வலிக்குதுப்பா" என்கிறார் அப்பா. ஊருக்கு பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை அத்தை. கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அடக்க முடியாமல் சிறுநீர் கசிகிறது. அதுதான் விஷயம்!

சர்க்கரை, பிரஷர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்கிறோம். இதை மட்டும் பெற்ற மகளிடம்கூடச் சொல்வதில்லை. மேலை நாட்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1980-களில் ஜூன் அலிசன் என்ற பிரபல ஹாலிவுட் நடிகை, பெரியவர்களுக்கான டயப்பர் விளம்பரத்தில் டி.வி.யில் தோன்றிப் பேசினார். ஒரு நட்சத்திரமே வந்து சொன்ன பிறகுதான் அங்கே பலருக்கும் வாய் திறக்கத் தைரியம் வந்தது. ஜப்பானிலோ முதியவர்கள் பெருகி, குழந்தைகள் குறைந்துவிட்டதால், ஓஜி ஹோல்டிங்ஸ் என்ற பெரிய நிறுவனம் உள்நாட்டில் குழந்தை டயப்பர் தயாரிப்பதை 2024-ல் நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கான டயப்பர் பக்கம் திரும்பியது.

நம் ஊரிலும் இன்று மெடிக்கல் ஷாப்பில் ரகரகமாகக் கிடைக்கிறது. ஆனால் எப்படி வாங்குகிறோம்? கடைக்காரரிடம் மெல்லிய குரலில், "பெரியவங்களுக்குப் போடறது ஒண்ணு கொடுங்க" என்கிறோம். அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஓடி வருகிறோம். அன்று ராத்திரியே படுக்கை நனைந்துவிடும். "இதெல்லாம் வேஸ்ட்" என்று மூலையில் போட்டுவிடுவோம்.

தப்பு பொருளில் இல்லை. கசிவு எப்படிப்பட்டது, எவ்வளவு, எப்போது என்று தெரியாமல் வாங்கியதுதான் தப்பு. செருப்பு வாங்கக் கால் அளவு பார்க்கிறோம். கண்ணாடி வாங்கப் பார்வை சோதிக்கிறோம். இதற்கும் ஓர் அளவு உண்டு. அதை வீட்டிலேயே எடுக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

முதலில் டாக்டர், பிறகுதான் கடை

'வயசானா இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல சமயம் இது குணப்படுத்தக் கூடிய ஏதோ ஒரு கோளாறின் அறிகுறி. சட்டென்று ஆரம்பித்த கசிவின் காரணங்களை நினைவில் வைக்க டாக்டர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூத்திரத்தின் பெயரே 'டயப்பர்ஸ்'! ஆங்கிலத்தில் 'P' எழுத்தை இரண்டு தடவை போட்டு (DIAPPERS) எழுதும் அந்தச் சூத்திரத்தின் எட்டு எழுத்துகளும் எட்டுக் காரணங்களைக் குறிக்கின்றன. அவை இவைதாம்:

1. திடீர் மனக்குழப்பம். காய்ச்சலிலோ, ஆபரேஷனுக்குப் பிறகோ வரலாம்.
2. சிறுநீர்ப் பாதையில் இன்ஃபெக்ஷன்.
3. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்புத் திசுக்கள் வறண்டு மெலிந்துபோவது.
4. மருந்துகள். தூக்க மாத்திரை, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை போன்றவை.
5. மனச்சோர்வு.
6. அளவுக்கு மீறிச் சிறுநீர் சேர்வது. கட்டுப்படாத சர்க்கரை இதற்கு நல்ல உதாரணம்.
7. நடமாட்டக் குறைவு. பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் வந்துவிடும்.
8. மலச்சிக்கல். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும்.

எட்டையும் பாருங்கள். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவைதானே! ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு எரிச்சல், அடிவயிறு உப்பி வலித்துச் சொட்டுச் சொட்டாக மட்டும் போவது, கசிவோடு கால் பலவீனம் அல்லது தொடை நடுவே மரத்துப் போவது... இதில் எது இருந்தாலும் டயப்பர் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள்.

எந்த வகைக் கசிவு?

தும்மினால், இருமினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் கொஞ்சம் தெறிக்கிறதா? இது அழுத்தத்தால் வரும் கசிவு. பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்த பெண்களிடம் அதிகம். அளவு குறைவாகத்தான் இருக்கும்.

'வருது' என்று தோன்றிய மறு நிமிடமே, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறதா? இது அவசரக் கசிவு. சிறுநீர்ப்பை நம் அனுமதி கேட்காமல் தானாகவே சுருங்கிவிடுகிறது. இதில் ஒரே மூச்சில் நிறைய வரும்.

முழுசாகப் போன திருப்தியே இல்லாமல் நாளெல்லாம் சொட்டுகிறதா? இது நிரம்பி வழியும் கசிவு. ப்ராஸ்டேட் அடைப்பு, நாள்பட்ட சர்க்கரையால் நரம்புத் தளர்ச்சி ஆகியவை காரணமாக இருக்கலாம். இதற்கு டாக்டர் கட்டாயம் தேவை.

சிறுநீர்ப்பை நன்றாகத்தான் வேலை செய்கிறது; எழுந்து நடக்க முடியவில்லை, நாடாவை அவிழ்க்க முடியவில்லை, பாத்ரூம் எங்கே என்று மறந்துபோகிறது. இதுவும் ஒரு வகை. இவர்களுக்கு முதல் மருந்து வீட்டில்தான் இருக்கிறது. ராத்திரி விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலி, நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் "வாங்கப்பா, போயிட்டு வந்துடலாம்" என்று நாமே கூப்பிட்டுப் போக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடக்க முடிகிற ஒருவருக்கு, நமக்குச் சௌகரியம் என்பதற்காக நாள் முழுக்க டயப்பர் கட்டிவிடாதீர்கள். எழுந்து போகும் பழக்கம் விட்டுப்போகும். காலில் தெம்பு குறையும். கடைசியில் படுக்கையே கதியாகிவிடும். டயப்பர் அவரை வெளியே அழைத்துப் போவதற்குத்தான், கட்டிலோடு கட்டிப் போடுவதற்கு அல்ல!

மூன்று நாள் நோட்டு

இப்போது அளவெடுக்கும் வேலைக்கு வருவோம். ஒரு நோட்டை எடுத்து மூன்று நாளைக்குக் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தார், என்ன குடித்தார், எப்போது பாத்ரூம் போனார், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்... இவ்வளவுதான். டாக்டரிடம் போகும்போதும் இந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

அடுத்தது எடை. சமையலறைத் தராசு இருக்கிறதா? இந்த வேலைக்கென்று சின்னதாக ஒன்று வாங்கி வைத்தாலும் நல்லதுதான். உபயோகிக்காத பேட் அல்லது டயப்பரை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நனைந்து கழற்றியதும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கசிந்த அளவு. ஒரு கிராமை ஒரு மில்லி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம். காய்ந்த டயப்பர் 100 கிராம். காலையில் கழற்றியபோது 650 கிராம். அப்படியானால் ராத்திரிக் கசிவு 550 மில்லி. பகலில் பேட் 15 கிராமிலிருந்து 55 கிராம் ஆனது என்றால் வெறும் 40 மில்லி. ஆள் ஒருவர்தான். ஆனால் அவருக்குப் பகலுக்கு ஒன்றும் ராத்திரிக்கு வேறொன்றும் தேவை என்று தராசு சொல்லிவிட்டது பாருங்கள்!

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அவசரக் கசிவில் அது முழுவதும் ஒரே தடவையில் வந்துவிடலாம். மெல்லிய பேட் அதைத் தாங்காது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்

சில பாக்கெட்டுகளில் 'இத்தனை மில்லி உறிஞ்சும்' என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். டயப்பரை உப்புநீரில் முழுக்க ஊற வைத்து, வடியவிட்டு, எடை பார்ப்பது ஒரு சோதனை முறை. ஐ.எஸ்.ஓ. தரக்குறிப்பிலேயே அது இருக்கிறது. ஆனால் உடம்பில் போட்டிருக்கும்போது நிலைமை வேறு. உட்கார்ந்தால் அழுத்தம் விழும். சிறுநீர் ஒரே இடத்தில்தான் பாயும். அதனால் சோதனை சொன்ன அளவு வருவதற்கு வெகு முன்னாலேயே கசிய ஆரம்பித்துவிடும். கைக்கணக்காக, உங்கள் தராசு காட்டிய அளவைப் போல இரண்டு மடங்கு போட்டிருக்கும் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள்.

உள்ளே உறிஞ்சுவது எது? பஞ்சுபோன்ற மரக்கூழும், அதோடு கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியும். சர்க்கரை மாதிரித் துகள் துகளாக இருக்கும் இந்தப் பொடி, ஈரம் பட்டதும் ஜவ்வரிசி போல உப்பி ஜெல்லாகிவிடும். சுத்தமான நீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இழுக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அவ்வளவு இழுக்காது. ஆனாலும் பல மடங்கு இழுத்து, அழுத்தினாலும் விடாது.

இதிலிருந்து ஒரு பாடம். மாதவிலக்குக்கு வைக்கும் நாப்கினைச் சிறுநீருக்கு வைக்காதீர்கள். நாப்கின், கெட்டியாக மெல்ல வரும் உதிரத்துக்காகச் செய்தது. சிறுநீர் வேகமாக, மொத்தமாக வரும். நாப்கின் உறிஞ்சுவதற்குள் ஓரத்தில் வழிந்துவிடும்.

யாருக்கு எது?

பேட்: உள்ளாடைக்குள் ஒட்டிக்கொள்வது. தும்மல், இருமல் கசிவுக்குப் போதும். கல்யாண மண்டபத்து பாத்ரூமில் இரண்டே நிமிஷத்தில் மாற்றிவிடலாம். ஆண்களுக்கென்று முன்பக்கம் குழிவாகச் செய்த பேட் தனியாக உண்டு. ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கசிவுக்கு அது ஏற்றது.

ஆனால் இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது. பேட் ஒட்டிக்கொள்ள, உடம்போடு பிடித்த உள்ளாடை வேண்டும். புடவை, உள்பாவாடையோடு வாழ்ந்து பழகிய பாட்டிகள் பலர் ஜட்டி போடுவதில்லை. வேட்டிக்குள் தொளதொள டிராயர் போடும் தாத்தாவுக்கும் பேட் நிற்காது, நழுவிவிடும். ஒன்று, இறுக்கமான பருத்தி ஜட்டி பழக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வகைக்குப் போக வேண்டும்.

பேன்ட் மாடல்: ஜட்டி மாதிரியே காலில் மாட்டி இழுத்துப் போடுவது. நிற்க, நடக்க முடிகிறவர்களுக்கு இதுதான் சௌகரியம். பாத்ரூமில் கீழே இறக்கி ஏற்றலாம். நனைந்துவிட்டால் இரண்டு பக்கத் தையலையும் கிழித்துக் கழற்றிவிடலாம், கால் வழியாக உருவ வேண்டாம். உள்ளாடை போலவே இருப்பதால், "எனக்கா டயப்பர்?" என்று கோபிக்கிறவர்களும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஸ்டிக்கர் மாடல்: இடுப்பின் இரு பக்கமும் ஒட்டுவது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆளைத் தூக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டியே மாட்டிவிடலாம். பொதுவாக பேன்ட் மாடலைவிட விலை குறைவு.

துவைத்துப் போடும் உள்ளாடை: நடுவில் உறிஞ்சும் துணி வைத்துத் தைத்தது. கொஞ்சமாகக் கசிபவர்களுக்கு, பகலில், வீட்டில் இருக்கும்போது ஏற்றது. நம் வீட்டுப் பழைய வேட்டித் துணியையும் தள்ளிவிட முடியாது. காற்றோட்டம் உண்டு, சருமத்துக்கு இதம். ஆனால் ஈரத்தை விலக்கி வைக்காது. நனைந்த உடனே மாற்றியாக வேண்டும்.

படுக்கை விரிப்பு: அண்டர்பேட் என்று கேட்டால் கிடைக்கும். டயப்பருக்குத் துணையாகப் போடலாம். வெறும் ரப்பர் ஷீட்டை உடம்பில் நேராகப் படும்படி போடாதீர்கள். வேர்த்து ஊறிப் புண்ணாகிவிடும்.

ஆண்களுக்கு உறைபோல மாட்டி, குழாய் வழியாகப் பையில் சேர்க்கும் சாதனமும் உண்டு. ஆனால் அளவு தப்பினால் வீக்கம், புண் வரும். டாக்டரோ நர்ஸோ காட்டிக் கொடுத்த பிறகே உபயோகிக்க வேண்டும்.

சைஸ்தான் பாதி வெற்றி

"பெரிசா இருந்தா நிறையத் தாங்கும்" என்று நினைத்து எக்ஸ்.எல். வாங்குகிறவர்கள் ஏராளம். நடப்பது நேர் எதிர்! தொடைப் பக்கம் இடைவெளி விழுந்து, எல்லாம் அந்த வழியாக வெளியே வந்துவிடும். சின்னதாக இருந்தாலோ தொடையைக் கவ்வித் தோல் சிவந்துபோகும்.

தையல் டேப்பை எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, இடுப்பின் அகலமான இடத்தில் ஒரு சுற்று அளக்கவும். எது பெரிதோ அதை வைத்து பாக்கெட்டின் பின்புற அட்டவணையைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் எம், இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கலாம். எழுத்தைப் பார்க்காமல் அங்குலத்தைப் பாருங்கள். நோயால் உடம்பு இளைத்திருந்தால் பழைய அளவு உதவாது, மறுபடி அளக்க வேண்டும்.

முதல் தடவையே பெரிய பாக்கெட் வாங்காதீர்கள். இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டாக இரண்டு கம்பெனிப் பொருளை வாங்கி, வீட்டிலேயே இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பார்க்கட்டும். உட்காரட்டும், நடக்கட்டும், படுக்கட்டும். அவருக்கு எது சுகமோ அதுதான் சரியான கம்பெனி.

மாட்டும் விதம்

டயப்பரைப் பிரித்ததும் நீளவாக்கில் மடித்து லேசாக முறுக்கிவிடுங்கள். உள்ளே தொடை ஓரங்களில் இருக்கும் தடுப்பு மடிப்புகள் எழுந்து நிற்கும். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் கொண்டு போங்கள். கிருமி முன்பக்கம் வராது. ஆண்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் கசியும். கீழ் ஸ்டிக்கர்களைச் சற்று மேல்நோக்கியும், மேல் ஸ்டிக்கர்களைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டுங்கள். வயிற்றுக்கும் டயப்பருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

அப்படியும் கசிந்தால்? கழற்றிய டயப்பரைப் பாருங்கள், அதுவே சொல்லும். முழுவதும் ஊறிப்போயிருந்தால் உறிஞ்சும் சக்தி போதவில்லை. இன்னும் அதிகம் தாங்குவதை வாங்குங்கள், அல்லது சீக்கிரம் மாற்றுங்கள். பாதி காய்ந்தே இருக்கிறதா? அப்படியானால் சைஸ் தப்பு அல்லது மாட்டிய விதம் தப்பு. விலை கூடியதை வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுவதும் வீண். உள்ளே இருப்பதன் பின்பக்கம் ஈரம் புகாத உறை இருக்கிறது. அதைத் தாண்டி வெளி டயப்பருக்கு ஒரு சொட்டும் போகாது. சூடும் வேர்வையும்தான் மிச்சம்.

வெளியே தெரியாமல் இருக்க

"நடந்தா சரசரன்னு சத்தம் கேட்குமே" என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. வெளிப்புறம் பிளாஸ்டிக் போல இருப்பதுதான் சத்தம் போடும். துணி போன்ற மேலுறை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சத்தமும் இராது, காற்றும் புகும். புடவைக்கும் வேட்டிக்கும் உள்ளே யாருக்கும் தெரியாது.

நாற்றத்துக்கு வாசனை பூசியது வாங்காதீர்கள், சிலருக்கு அரிப்பு வரும். புதுச் சிறுநீர் அவ்வளவாக நாறாது. நேரம் ஆக ஆக அதில் அம்மோனியா உண்டாகித்தான் நெடி வருகிறது. சரியான நேரத்தில் மாற்றுவதுதான் நல்ல சென்ட்! சில டயப்பர்களில் நடுவே ஒரு கோடு இருக்கும். நனைந்தால் நிறம் மாறும். அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டாம்.

வெளியூர்ப் பயணமா? ஒரு துணிப்பையில் மாற்று டயப்பர் இரண்டு, ஒரு உள்பாவாடை அல்லது வேட்டி, ஈரத்துணி, இரண்டு பிளாஸ்டிக் பை, பழைய செய்தித்தாள். அவ்வளவுதான், தைரியமாகக் கிளம்பலாம். பஸ் ஏறுவதற்கு முன் ஒரு தடவை பாத்ரூம். ஆனால் தண்ணீரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையையே உறுத்தும். மலச்சிக்கலும் வரும், இன்ஃபெக்ஷனும் வரலாம். காப்பி, டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன் குடிப்பதை முடித்துக்கொள்ளுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுப்படி குடிக்கவும்.

தோல் பத்திரம்!

நல்ல தோலுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. அதுதான் அதன் கவசம். சிறுநீர் தேங்கினால் அம்மோனியா அந்தக் கவசத்தைக் கெடுக்கும். மலமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் சிவப்பு, பிறகு எரிச்சல், பிறகு புண்.

மலம் போனால் அந்த நிமிஷமே மாற்றுங்கள். சிறுநீர் மட்டும் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதற்குள் கனத்துவிட்டால் அப்போதே. வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், கார சோப்பும் வேண்டாம். துத்தநாக ஆக்சைடு கலந்த கிரீமை மெல்லியதாகத் தடவலாம். அப்பிவிட்டால் டயப்பர் உறிஞ்சாது. பவுடர் கொட்டாதீர்கள், மடிப்பில் கட்டி தட்டி உறுத்தும். தினம் கொஞ்ச நேரமாவது டயப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். சிவப்பு மறையாமல் நின்றால், தோல் உரிந்தால், டாக்டரிடம் காட்டுங்கள்.

பட்ஜெட்டில் துண்டு விழாமல்...

ஒரு டயப்பர் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று என்றால் மாதம் 90. ஆக 3,600 ரூபாய்! பென்ஷன் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? அதனால்தான் பலர் ஒரே டயப்பரை நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். பிறகு புண்ணுக்கு மருந்துச் செலவு செய்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் மூன்று நாள் நோட்டு கைகொடுக்கும். பகலில் நேரம் பார்த்து பாத்ரூம் கூட்டிப் போய், துவைக்கும் உள்ளாடை போட்டு, ராத்திரி மட்டும் டயப்பர் என்றால் மாதம் 30 போதும், 1,200 ரூபாய். எப்போது அதிகம் கசிகிறதோ அப்போது நல்ல பொருள், மற்ற நேரத்தில் எளிய பொருள். இதுதான் சிக்கனம்.

இடுப்புத்தளப் பயிற்சியும் செலவில்லாத வைத்தியம்தான். 1948-ல் அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிப் பரப்பியது. வாயுவை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து, அதே நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால் தும்மல், இருமல் கசிவில் நல்ல பலன் தெரியும். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது!

உபயோகித்த டயப்பரைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், ஜெல் உப்பி அடைத்துக்கொள்ளும். எரிக்கவும் வேண்டாம். மலம் இருந்தால் அதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, அதன் ஸ்டிக்கராலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டித் தனியாகக் கொடுங்கள். இப்படிக் கட்டித் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. அதைக் கையால் எடுக்கிற துப்புரவுத் தொழிலாளியும் நம்மைப் போல ஒரு மனிதர்தானே!

எப்படிப் பேச்சை எடுப்பது?

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. "குழந்தை மாதிரி ஆயிட்டீங்க" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைகள் எதிரில் பேச வேண்டாம். டயப்பர் என்ற வார்த்தையே பிடிக்கவில்லையா, "உள்ளாடை" என்று சொல்லுங்கள். மாமனாருக்கு மருமகள் மாற்றுவது இருவருக்கும் சங்கடமாக இருந்தால், மகன் செய்யட்டும். மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரிடமும், "அப்பா, மாத்தலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

"அம்மா, இது நிறையப் பேருக்கு இருக்கற விஷயம்தான். டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுடலாம். அதுவரைக்கும் இந்த ரெண்டுல எது உங்களுக்குச் சுகமா இருக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க." இப்படி ஆரம்பித்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கட்டும். அது இருந்தால், போட்டுக்கொள்ளவும் மறுக்க மாட்டார், அடுத்த கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார்.